பீரோவுக்குப் பின்னால் கறுத்த சுவர்: ஜெர்மனியில் ஒரு குடும்பத்தின் முதல் குளிர்காலம்

பின்னணி

ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் நடந்தது இது. கணவர் மென்பொருள் பொறியாளர். 2022 மார்ச்சில், படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை அனுமதியான புளூ கார்டில் வந்து, ஒரு தற்காலிக அறையில் தங்கி வீடு தேடினார். மனைவியும் மூன்று வயது மகளும் ஜூலையில் வந்து சேர்ந்தார்கள். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். நான் அந்தப் பகுதியில் நீண்ட காலமாக இருப்பவன். கடிதம் எழுதவும், பேச்சு வார்த்தையின்போது மொழிபெயர்க்கவும் உடனிருந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடு 1964-ல் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில், முதல் மாடியில், வடகிழக்கு மூலையில் இருந்தது. 68 சதுர மீட்டர். ஹால், படுக்கையறை, குழந்தைக்கு ஒரு சின்ன அறை, தனிச் சமையலறை. அடிப்படை வாடகை 890 யூரோ. ஹீட்டிங், தண்ணீர், குப்பை முன்பணம் சேர்த்து 1,150. வைப்புத்தொகை 2,670, அதாவது சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான மூன்று மாத அடிப்படை வாடகை. வீட்டின் உரிமையாளர் வேறு நகரத்தில் இருந்தார். எல்லாவற்றையும் ஒரு வீட்டு நிர்வாக நிறுவனம் பார்த்துக்கொண்டது.

இரண்டு விவரங்கள் அப்போது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. ஒன்று, 2011-ல் ஜன்னல்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். பழைய மரச்சட்ட ஜன்னல்கள் போய், காற்றுப் புகாத பிளாஸ்டிக் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் வந்தன. வெளிச்சுவருக்கு மட்டும், குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன் போடவே இல்லை. இன்னொன்று, சமையலறைச் சிம்னி ஆவியை வெளியே தள்ளாது. கரி வடிகட்டி வழியாக இழுத்து அதே அறைக்குள் திருப்பி விடும் வகை அது. வாசனை குறையும், ஈரம் அப்படியே இருக்கும். வீடு பார்க்க வந்தவர்களின் வரிசை படிக்கட்டு வரை நின்ற நாளில், சிம்னி எங்கே போகிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

குடியேறும்போது சுவரெல்லாம் புது வெள்ளை. வடகிழக்குப் படுக்கையறையில், வெளிச்சுவரை ஒட்டி, பின்பலகை சுவரில் இடிக்கும்படி பெரிய பீரோவை நிறுத்தினார்கள். அறை சின்னது, அது நிற்க வேறு இடம் இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

அந்த ஆண்டு யாரைக் கேட்டாலும் எரிவாயு விலையைப் பற்றித்தான் பேசினார்கள். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு விலை தாறுமாறாக ஏறியிருந்தது. சிக்கனமாக இருங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. நிர்வாக நிறுவனம் ஹீட்டிங் முன்பணத்தை உயர்த்திக் கடிதம் அனுப்பியது. ஆண்டு முடிவில் ஆயிரக்கணக்கில் பாக்கி வரும் என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். குடும்பம் ஒரு முடிவெடுத்தது: ஹாலை மட்டும் சூடாக வைப்பது, படுக்கையறை ரேடியேட்டரை அணைத்துவிடுவது. இரவில் கனமான போர்வை இருக்கிறது, தூங்க மட்டும்தானே போகிறோம் என்பது அவர்கள் கணக்கு. ஹால் கதவைத் திறந்து வைத்தால் கொஞ்சம் சூடு உள்ளே போகும் என்றும் நினைத்தார்கள். சூடு போனது. அதோடு ஈரமும் போனது.

ரேடியேட்டர் குமிழைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1 முதல் 5 வரை எண் போட்டிருக்கும். பலர் அதை அடுப்புக் குமிழ் மாதிரி நினைத்து, சீக்கிரம் சூடாகட்டும் என்று 5-ல் திருப்புவார்கள். அது அறை எந்த வெப்பநிலையில் நிற்க வேண்டும் என்று சொல்லும் எண்தான். 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5-ல் வைத்தால் வேகமாகச் சூடாகாது, 20-ஐத் தாண்டியும் நிற்காமல் போகும், அவ்வளவுதான். இந்த வீட்டில் ஹால் 5-லும், படுக்கையறை பனிக்கட்டிக் குறியிலும் இருந்தன. அந்தக் குறி, குழாய்த் தண்ணீர் உறையாமல் காப்பதற்கு மட்டும்தான்.

நவம்பர் நடுவில் காலையில் படுக்கையறை ஜன்னலின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் வழிந்து நின்றது. மனைவி தினமும் பழைய துண்டால் துடைத்தார். வெளியே குளிர், உள்ளே மூச்சு, அதனால் வருகிறது என்று விட்டுவிட்டார்கள். துணி காயவைக்கும் ஸ்டாண்டும் அந்த அறையில்தான் விரிந்து நின்றது. அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணி உலர்த்தும் அறை இருந்தது. அங்கே போய், அக்கம்பக்கத்தார் பார்க்கப் புடவையும் உள்ளாடையும் தொங்கவிட மனைவிக்குக் கூச்சம். அதைப் பயன்படுத்த யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்பதும் தெரியாது.

டிசம்பர் நடுவில் மனைவியின் அம்மா 90 நாள் விசாவில் வந்தார். அதன் பிறகு வீட்டில் சமையல் இரட்டிப்பானது. காலையில் இட்லிப் பானை, மதியம் குக்கர், சாயங்காலம் ரசம் கொதிக்கும். பேத்திக்குச் சளி என்றால் வெந்நீர் ஆவி. ஜன்னல் மட்டும் திறக்காது.

“அம்மா, கொஞ்ச நேரம் திறந்து வையேன், வீடே ஈரமா இருக்கு.”

“வெளிய மழையும் பனியுமா கொட்டுது. அந்த ஈரத்த உள்ள விடச் சொல்றியா? குழந்தைக்கு நெஞ்சு கட்டிக்கும்டி.”

அம்மா சொன்னது தஞ்சாவூர் மார்கழிக்குச் சரி. இங்கே எப்படி என்பது பின்னால் வருகிறது.

பொங்கலுக்கு முதல் நாள்

2023-ல் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் நாள் சாயங்காலம் பட்டுப்புடவை எடுக்க மனைவி பீரோவைத் திறந்தபோது மக்கல் வாடை அடித்தது. கீழ்த்தட்டில் இருந்த பருத்திப் புடவைகளின் மடிப்பு ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள். கணவர் பீரோவை ஒரு பக்கமாக நகர்த்தினார். சுவரின் மூலையில், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்பு. நடுவில் அடர்த்தி, ஓரத்துக்கு வரவரப் பச்சை கலந்த புள்ளிகள். பீரோவின் பின்பலகை நீரில் ஊறிய அட்டை மாதிரி உப்பியிருந்தது. ஜன்னலுக்கு மேலே, ரோலர் ஷட்டர் சுருண்டு நிற்கும் பெட்டியை ஒட்டி இன்னொரு கோடு.

குழந்தைக்கு நவம்பரிலிருந்தே விட்டு விட்டு இருமல் இருந்தது. படுத்துத் தூங்கியது இந்த அறையில்தான், அம்மாவோடு. குழந்தை மருத்துவர் பிறகு பார்த்துவிட்டு, இருமலுக்கு இதுதான் காரணம் என்று எழுதித் தர மறுத்தார். கிண்டர்கார்ட்டன் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இருமல் வரும் என்றார். காரணம் எதுவானாலும் குழந்தையை அந்த அறையில் படுக்கவைக்க வேண்டாம், பூஞ்சையை உடனே எடுத்துவிடுங்கள் என்றார். நிதானமான பதில். ஆனால் கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைத்துப் போன பெற்றோருக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

முதல் நடவடிக்கை

அன்றிரவே அத்தை, அதாவது மனைவியின் அம்மா, வினிகர் பாட்டிலோடு சுவரைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். கணவர் எனக்குப் போன் செய்தபோது பாதிக் கோடு போயிருந்தது. நிறுத்தச் சொன்னேன். முதலில் படம். அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கமாகச் சில, பீரோ நின்ற இடத்தின் தடம் தெரியும்படி ஒன்று. துடைத்த சுவரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

வினிகர் இங்கே வேறு ஒரு காரணத்துக்காகவும் உதவாது. சுவர்ப் பூச்சில் உள்ள சுண்ணாம்பு அதன் புளிப்பை முறித்துவிடும்; மிச்சம் இருப்பது பூஞ்சைக்குத் தீனி. அரை சதுர மீட்டருக்குக் குறைவான, மேலோட்டமான பூஞ்சையை வீட்டுக்காரர்களே 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலால் துடைக்கலாம் என்பது கூட்டாட்சி சுற்றுச்சூழல் நிறுவனத்தின் வழிகாட்டல். கையுறை, முகக்கவசம், திறந்த ஜன்னல் வேண்டும். பக்கத்தில் விளக்கோ தீக்குச்சியோ கூடாது. இந்தச் சுவரில் பரப்பு அரை சதுர மீட்டருக்கு மேல். அதனால் கை வைக்காமல், பீரோவைக் காலி செய்து, கதவைச் சாத்தி, எல்லோரும் ஹாலில் படுத்தார்கள்.

மறுநாள் பொங்கல் வைத்தார்கள். அந்த ஆவியும் ஹாலுக்குள்ளேதான் போனது.

நிர்வாக நிறுவனத்தின் பதில்

திங்கட்கிழமை மின்னஞ்சலிலும், தபால்பெட்டியில் போட்டதற்கு அத்தாட்சி தரும் பதிவுத் தபாலிலும் அறிவிப்பு போனது. பழுது கண்ணில் பட்டவுடன் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது வாடகைதாரரின் கடமை. தாமதத்தால் சேதம் பெருகினால் அந்தச் செலவு அவர் தலையில் விழலாம். அறிவிப்பில் நாங்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எந்த அறை, எந்தச் சுவர், எவ்வளவு பரப்பு, எப்போது தெரிந்தது, படங்கள், காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும்படி வேண்டுகோள், அதற்கு இரண்டு வாரக் கெடு. இவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. சரியாக ஹீட்டிங் வைக்கவும் காற்றோட்டம் விடவும் சொல்லும் அச்சடித்த துண்டறிக்கை ஒன்று. கூடவே, வீட்டில் அதிகமாகச் சமைப்பதே காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி. அந்த வரி கணவரைச் சுட்டது. அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்லாமல் மறைத்தார்கள். ஆனால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அவர் இட்லிக்கே ஊறப்போடவில்லை.

அந்தக் கோபத்தில் பதில் எழுத வேண்டாம் என்று தள்ளிப்போட்டோம். வாடகை வீட்டில் சமைப்பது சாதாரணப் பயன்பாடு, அதைக் குற்றமாக்க முடியாது. ஆனால் கடிதத்தில் பாதி உண்மை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: படுக்கையறைக்கு ஹீட்டிங் இல்லை, ஜன்னலும் திறக்கவில்லை. மீதிப் பாதி உண்மை சுவருக்குள் இருந்தது. எது எவ்வளவு என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்த்தது

பத்து யூரோ சொச்சத்துக்கு விற்கும் ஈரப்பதமானிகள் மூன்று வாங்கி, ஹால், சமையலறை, படுக்கையறையில் வைத்தார்கள். காலை, மதியம், இரவு என்று எண்களை ஒரு நோட்டில் எழுதுவது அத்தையின் வேலையானது. அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

முதல் வாரத்தில், பழைய பழக்கத்தையே மாற்றாமல் எடுத்த அளவில், ஹால் 21 டிகிரி, ஈரப்பதம் 58 சதவீதம். பார்க்க ஒன்றும் மோசமில்லை. படுக்கையறை 14 டிகிரி, 78 முதல் 82. சமையலறையில் இட்லி வெந்த பிறகு 85-ஐத் தொட்டது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. ஹாலில் 21 டிகிரியில் 58 சதவீதமாக இருக்கும் காற்றில் பத்தரை கிராம் நீர் இருக்கிறது. அதே காற்று 14 டிகிரி அறைக்குள் போனால், ஒரு சொட்டுகூடக் கூடாமலே, 85 சதவீதத்தைத் தாண்டிவிடும். பீரோவுக்குப் பின்னால் சுவர் 10 டிகிரியில் இருந்தால் அங்கே தண்ணீராகவே படியும். பூஞ்சைக்குச் சுவர் நனையக்கூடத் தேவையில்லை. சுவர்ப் பரப்பை ஒட்டிய காற்று 80 சதவீதத்தில் சில நாள் நின்றாலே அது முளைக்கும்.

அத்தையின் கேள்விக்கும் இதுதான் பதில். வெளியே 0 டிகிரியில் பனி கொட்டினாலும் அந்தக் காற்றில் மொத்தமே 4 அல்லது 5 கிராம் நீர்தான். உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 25 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் வீடு காயும். இதை வாயால் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒருநாள் மழையில், எதிரெதிர் ஜன்னல்களை ஏழெட்டு நிமிடம் விரியத் திறந்து வைத்தோம். மூடிக் கொஞ்ச நேரம் கழித்து ஹால் எண் 60-லிருந்து 41-க்கு இறங்கியிருந்தது. “அட, ஆமா மாப்பிள்ளை” என்றார். அதன் பிறகு ஜன்னல் விஷயத்தில் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் சமையல், குளியல், துணி, மூச்சு, வியர்வை எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் நீர் காற்றில் கலக்கும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். அந்தப் பழைய மரச்சட்ட ஜன்னல்கள் இதில் ஒரு பங்கை இடுக்கு வழியாகத் தாமாகவே வெளியே விட்டன. 2011-ல் அந்த வழி அடைபட்டது. சுவர் மட்டும் பழையபடி குளிர்ந்தே இருந்தது.

இதை உறுதிசெய்தது கீழ் வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஜெர்மானிய அம்மையார். மாடிப்படி கூட்டும் முறை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாறும்போது மனைவி அவரிடம் அரைகுறை ஜெர்மனில் பேச்சுக் கொடுத்தார். அவர் தன் படுக்கையறைக்கு அழைத்துப் போய் அதே மூலையைக் காட்டினார். ஜன்னல் மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்றும், ஒவ்வொரு வசந்தத்திலும் தானே சுரண்டிப் பெயின்ட் அடிப்பதாகவும் சொன்னார். அந்த வீட்டில் இட்லிப் பானை கிடையாது.

வாடகையைக் குறைப்பதா?

கணவரின் அலுவலக நண்பர் ஒருவர், அடுத்த மாதமே வாடகையில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. குடியிருக்கும் தகுதியைக் குறைக்கும் பழுது இருந்தால், அந்த அளவுக்கு வாடகை தானாகவே குறையும் என்பதுதான் விதி. ஆனால் எத்தனை சதவீதம், பழுதுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் கடைசியில் நீதிமன்றம் சொல்வது. நாம் அதிகமாகப் பிடித்தது தவறு என்று ஆனால், அது வாடகை பாக்கியாகக் கணக்கில் ஏறும். அப்படிச் சேரும் பாக்கி இரண்டு மாத வாடகையைத் தொட்டால் உடனடி வெளியேற்றத்துக்கு வழி திறந்துவிடும்.

இன்னொரு தடையும் இருந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 2018 டிசம்பர் 5-ல் இரண்டு வழக்குகளில் தந்த தீர்ப்புப்படி, கட்டிய காலத்து விதிகளுக்குப் பொருந்தும் கட்டடத்தில் சுவர் குளிர்ந்து பூஞ்சை வரும் அபாயம் இருப்பது மட்டுமே பழுதாகாது. அந்த வழக்குகளின் வீடுகள் 1968-லும் 1971-லும் கட்டியவை. நம் வீடு 1964. ஒரு நாளைக்கு இரண்டு முறை கால் மணி நேரமோ, மூன்று முறை பத்து நிமிடமோ ஜன்னலை விரியத் திறப்பதை வாடகைதாரரிடம் எதிர்பார்ப்பது பொதுவாக அதிகமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் போக்கு. மறுபக்கம், தகராறு என்று வந்தால் கட்டடத்தில் கோளாறு இல்லை என்று முதலில் காட்ட வேண்டியது உரிமையாளர்தான். அதன் பிறகே வாடகைதாரர் தன் பழக்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

வாடகைதாரர் சங்கத்தில் குடும்பம் உறுப்பினரானது. அங்கே இருந்த வழக்கறிஞர் சொன்னபடி, முழு வாடகையையும் செலுத்தினார்கள். ஆனால் “உரிமையை விட்டுக்கொடுக்காமல், நிபந்தனைக்கு உட்பட்டுச் செலுத்துகிறோம்” என்று எழுத்தில் தெரிவித்தார்கள். அப்படி எழுதாமல், பழுது தெரிந்தும் முழுதாகக் கட்டிவந்தால் பின்னால் திருப்பிக் கேட்பது கடினம். சங்கத்தோடு வரும் வழக்குச் செலவுக் காப்பீடு இதற்கு உதவாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. சேர்வதற்கு முன்பே தொடங்கிய தகராறு அதில் அடங்காது.

இதற்கெல்லாம் அடியில், கணவர் கடைசிவரை வாய்விட்டுக் கேட்காத ஒரு பயம் இருந்தது. மனைவிதான் கேட்டார்: “வீட்டுக்காரங்களோட மல்லுக்கு நின்னா விசாவுக்கு ஏதாவது வருமா அண்ணா?” வராது. வாடகைத் தகராறு தனியார் இருவருக்கு இடையிலான விஷயம். குடியேற்ற அலுவலகத்துக்கு அதில் வேலை இல்லை. புகார் சொன்னதற்காகக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. காலவரையில்லாத ஒப்பந்தத்தை முடிக்க, உரிமையாளர் தானே குடிவருவது போன்ற நியாயமான காரணம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலர் இந்தப் பயத்தாலேயே வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் மாற்றியவை

நிர்வாகத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல், தம் கையில் உள்ளதைச் செய்ய ஆரம்பித்தார்கள். படுக்கையறை ரேடியேட்டர் இரண்டரையில், அறை 17 முதல் 18 டிகிரியில். ஹால் 3-ல். இரவில் இடையே உள்ள கதவு மூடியிருக்கும். காலை எழுந்ததும், சமையல் முடிந்ததும், படுக்கும் முன்பும் ஜன்னல்களை விரியத் திறப்பது. அந்த நேரத்தில் ரேடியேட்டரை அடைப்பது. ஜன்னலை மேலே மட்டும் சாய்த்து மணிக்கணக்கில் வைப்பதை விட்டார்கள். அப்படி வைத்தால் காற்று அதிகம் மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்தான் குளிர்ந்துபோகும். சமையலறைக் கதவை மூடிக்கொண்டு இட்லி வேகவைத்து, முடிந்ததும் அங்கே இருக்கும் ஜன்னலை மட்டும் திறந்தார்கள். துணி அடித்தளத்துக்குப் போனது. கீழ் வீட்டு அம்மையார்தான் கொடியில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் படுக்கையறை எண் 55-க்கும் 60-க்கும் இடையே வந்தது. நோட்டில் பழைய எண்களும் புது எண்களும் அடுத்தடுத்து இருந்தன. அத்தையின் தமிழ் எழுத்தில் “மழை”, “இட்லி”, “குளியல்” என்று ஓரக்குறிப்புகளோடு.

நிபுணர் வந்த நாள்

சங்கத்தின் கடிதம் போன பிறகு, பிப்ரவரி கடைசியில், நிர்வாக நிறுவனம் ஒரு கட்டட நிபுணரை அனுப்பியது. வெளியே 1 டிகிரி இருந்த காலை. அவர் அதிகம் பேசவில்லை. அகச்சிவப்பு வெப்பமானியைச் சுவரின் நடுவில் காட்டினார்: 14.5. மூலையில்: 11.2. ஷட்டர் பெட்டியின் அடிப்பலகையில்: 8. பிறகு ஒரு மெல்லிய காகிதத்தைப் பெட்டி இடுக்கில் பிடித்தார். அது உள்பக்கமாகப் படபடத்தது. பெட்டிக்குள் இன்சுலேஷனே இல்லை. வெளிக்காற்று நேராக அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

சுவர்க் காகிதத்தின் ஒரு மூலையைக் கத்தியால் நெம்பினார். மரத்தூள் கலந்த காகிதம், அதன் மேல் அடுக்கடுக்காகப் பெயின்ட். கடைசி வெள்ளைக்கு அடியில் இன்னொரு வெள்ளை, இரண்டுக்கும் நடுவே பழைய கறுப்பு. முந்தைய வாடகைதாரர் காலத்துப் பூஞ்சையின் மேலேயே அடித்து மறைத்திருந்தார்கள். நிர்வாகத்தின் ஆள் எதுவும் சொல்லாமல் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

நோட்டையும் நிபுணர் புரட்டிப் பார்த்தார். தமிழ்க் குறிப்புகள் என்ன என்று கேட்டார், சொன்னோம். முதல் வார எண்களைக் காட்டி, அந்த நிலையில் எந்த வீட்டிலும் பூஞ்சை வரும் என்றார். அவர் அறிக்கை இரண்டு பக்கத்துக்கும் பங்கு வைத்தது: ஷட்டர் பெட்டியும் மறைத்த பழைய பூஞ்சையும் கட்டடத்தின் தரப்பில், சூடாக்காத அறை, காயாத துணி, சுவரை ஒட்டிய பீரோ பயன்பாட்டின் தரப்பில்.

விளைவு

மார்ச் முடிவில் எழுத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. உரிமையாளர் தன் செலவில் சுவர்க் காகிதத்தை உரித்து, பூஞ்சை நீக்கும் ஆட்களை வைத்துச் சுத்தம் செய்து, காகிதம் ஒட்டாமல் நேரடியாக, பூஞ்சை எளிதில் பிடிக்காத சிலிகேட் பெயின்ட் அடிப்பார். ஷட்டர் பெட்டிக்கு உள்ளே இன்சுலேஷன் வைத்து இடுக்கை அடைப்பார். குடும்பம் வாடகைக் குறைப்பைக் கேட்காது. பீரோ, மெத்தை, கெட்டுப்போன துணிகளுக்கு நஷ்ட ஈடும் கேட்காது. வைப்புத்தொகையில் இந்தச் சுவருக்காகப் பின்னால் எதையும் பிடிக்கக்கூடாது என்ற வரியைச் சங்கத்தின் வழக்கறிஞர் சேர்க்கச் சொன்னார். பேரத்தில் குடும்பத்துக்குக் கிடைத்த மிக மதிப்பான வரி அதுதான் என்பது என் கணிப்பு.

வழக்குக்குப் போயிருந்தால் கொஞ்சம் பணம் கிடைத்திருக்கலாம். ஆனால் நிபுணர் அறிக்கை இரு பக்கமும் வெட்டும். குழந்தை ஹாலில் படுத்துக்கொண்டிருக்கும்போது நீதிமன்றத் தேதிக்குக் காத்திருக்கவும் முடியாது. அந்தக் குடும்பத்துக்கு இந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். பெயின்டுக்கு அடியில் பழைய கறுப்பு தெரிந்த பிறகும் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கணவர் இன்றும் கேட்கிறார். அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

அந்தக் கறுப்பை மறைத்து அடித்தது யார் உத்தரவில் என்று நிர்வாகம் கடைசிவரை சொல்லவில்லை.

2022-க்கான ஹீட்டிங் கணக்கு, சட்டம் தரும் 12 மாதக் கெடுவுக்குள், 2023 நவம்பரில் வந்தது. கூடுதலாகக் கட்ட வேண்டியது 240 யூரோ. ஆயிரக்கணக்கில் வரும் என்று பயந்ததற்கு இது ஒன்றுமில்லை. ஒரு மெத்தையும் பீரோவும் வாங்க அவர்களுக்கு ஆனது இதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

இன்னொரு குடும்பம் இப்போது என்னிடம் கேட்டால்

வீடு பார்க்கும்போதே எரிசக்திச் சான்றிதழைக் கேட்கச் சொல்வேன். பார்க்க வருபவர்களிடம் அதைக் காட்டுவது உரிமையாளரின் கடமை. அதோடு இரண்டு கேள்விகள்: ஜன்னல் எப்போது மாற்றியது, வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் எப்போது போட்டது? ஜன்னல் புதிது, சுவர் பழையது என்றால் அந்த வீட்டை விட வேண்டும் என்று அர்த்தமில்லை. வீடு கிடைக்கும் நிலையில் யாரும் விடவும் மாட்டார்கள். ஆனால் பீரோவை உள்சுவரில் நிறுத்தலாம். வெளிச்சுவர்தான் வழி என்றால் ஒரு சாண் இடைவெளி விட்டு, காலின் மேல் நிறுத்தலாம்.

சாவி வாங்கும் நாளில் எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் வெளிச்சுவர் மூலைகளையும் ஷட்டர் பெட்டிகளையும் படத்தோடு சேர்க்கலாம். ஈரப்பதமானியைப் பூஞ்சை வந்த பிறகு வாங்காமல், அக்டோபரிலேயே வாங்கி வைக்கலாம். ஜன்னலில் காலைத் தண்ணீர் நின்ற நவம்பரில் இந்த வீட்டில் ஓர் எண் கண்ணில் பட்டிருந்தால், பொங்கலுக்கு முன்பே பாதிப் பிரச்சினை முடிந்திருக்கும்.

ஈரம் உறிஞ்சும் மின்கருவி வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேதம் சரிசெய்யும் சில வாரங்களுக்குச் சரி. நிரந்தரமாக ஓட்டினால் மின்கட்டணம்தான் ஏறும், சுவர் குளிர்ந்தே இருக்கும்.

ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது ஹீட்டிங் குமிழையும் ஜன்னலையும் பற்றி வந்த அன்றே சொல்லிக் கொடுப்பது நல்லது. வாயால் சொல்வதைவிட எண்ணைக் காட்டுவது எளிது. அந்த அத்தை கும்பகோணத்துக்குத் திரும்பும்போது ஒரு ஈரப்பதமானியைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஆடி மாதத்தில் அது சில வேளை 80 காட்டுவதாகவும், அங்கே சுவர் கறுக்கவில்லையே என்றும் மாப்பிள்ளையிடம் கேட்டாராம். சுவரும் காற்றும் ஒரே சூட்டில் இருந்தால் சுவரை ஒட்டிய காற்று அறைக் காற்றைவிட ஈரமாகாது என்று அவர் விளக்கியிருக்கிறார்.

அதற்கு அடுத்த குளிர்காலம்

2023-24 குளிர்காலத்தில் அந்தச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. குளியலறை ஜன்னல் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறை வந்தது. ஆல்கஹாலால் துடைத்ததும் போய்விட்டது. குழந்தை அந்த அறையில்தான் படுக்கிறது. அவளுக்கு அந்தக் குளிர்காலத்திலும் இருமல் வந்தது, முந்தைய ஆண்டைவிடக் குறைவாக.

கீழ் வீட்டு அம்மையாரின் மூலை இன்னும் சரியாகவில்லை. அந்த வீட்டின் உரிமையாளர் வேறொருவர். அம்மையாருக்குப் புகார் எழுதுவதில் விருப்பமும் இல்லை. வெளிச்சுவர் கட்டடத்தின் பொதுச்சொத்து. அதற்கு இன்சுலேஷன் போட எல்லா வீட்டு உரிமையாளர்களும் கூடி வாக்களிக்க வேண்டும். 2024 கூட்டத்தில் அது பேச்சுக்கு வந்தது. செலவு மதிப்பீடு வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.